கல்யாண வீடியோவில் நேரடி இசை: பதிப்புரிமையில் நேரும் தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நடக்கும் ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு நாகசுரமும் தவிலும், மாப்பிள்ளை வரவேற்புக்குச் சிங்காரி மேளமும், மாலையில் மெல்லிசைக் குழுவும் ஒலிக்கக்கூடும்; தேவாலயத் திருமணமென்றால் பாடகர் குழு இருக்கும். இவற்றைப் படம்பிடிப்பவர்கள், மண்டபத்தில் இசைக்கத் தடையில்லை என்பதாலேயே அதை இணையத்தில் ஏற்றவும் தடையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்திலும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாடல்களை இசைக்க விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு நிகழ்ச்சிக்கு உரியது. ஒரு திரைப்பாடலின் மூல ஒலிப்பதிவை எடிட்டிங்கில் ஹைலைட்ஸ் வீடியோவோடு சேர்த்து யூடியூபில் வெளியிடுவதற்கு அது பொருந்தாது. பத்து வினாடி வரை பயன்படுத்தலாம் என்ற கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. இசையமைப்பாளர் பெயரைக் கீழே போடுவதும் அனுமதியாகாது.

கீர்த்தனைகளில் நேரும் தவறு சற்று நுட்பமானது. தியாகராஜர் 1847இல் மறைந்தார். இசைப்படைப்பின் உரிமை ஆக்கியவரின் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகளே நீடிப்பதால், அவருடைய கீர்த்தனைகளை எவரும் வாசிக்கலாம். ஆனால் முகூர்த்தப் பந்தலில் அதை வாசிக்கும் நாகசுரக் கலைஞருக்குத் தம் வாசிப்பின்மேல் நிகழ்த்துநர் உரிமை தனியே 50 ஆண்டுகளுக்கு உண்டு. அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவருடைய ஆலாபனையை ஸ்டுடியோ விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வதே இவற்றுள் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் சம்மதம் பெற்று, வீடியோவில் அவர் பெயரையும் போட வேண்டும்.

ஒலிப்பதிவிலும் கவனம் தேவை. பெரியவர்கள் வாழ்த்திப் பேசும்போது பின்னால் ஸ்பீக்கரில் திரைப்பாட்டு ஓடினால், கேமரா மைக்கில் இரண்டும் கலந்துவிடும். பின்னர் அந்தப் பாட்டின் உரிமையாளரிடமிருந்து உரிமைக்கோரல் வந்து அந்தப் பகுதியின் ஒலியை நீக்க நேர்ந்தால் வாழ்த்தும் சேர்ந்து போய்விடும். பேசுபவருக்குச் சட்டை மைக் மாட்டித் தனியாகப் பதிவு செய்தால் பேச்சைக் காப்பாற்றலாம்.

வீடியோ தம்முடையது என்று ஸ்டுடியோக்காரர்கள் கருதுவதும் பிழையே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே மணவீட்டாரின் சம்மதத்தையும் அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.