நூலகர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கனவு எழுதுறது எப்படி

நம்ம தொழில் எங்க போகணும்னு நாமளே சொல்லலைன்னா வேற யாராவது முடிவு பண்ணிடுவாங்க, அதனால மாவட்டத்துல இருக்கிற நூலகர்கள் ஒரு நாள் சேர்ந்து உக்காருங்க. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், காலேஜ் லைப்ரரி, புக் அடுக்குறவங்க வரைக்கும் கூப்பிடுங்க, அதிகாரிங்க மட்டும் எழுதினா அது வெறும் சர்க்குலர்தான்.

மாடல் நம்மகிட்டயே இருக்கு. சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல நூலக அறிவியலுக்கு அஞ்சு விதி வெளியிட்டாரு, ஒவ்வொண்ணும் ஒரே வரி. வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கிறது நாலாவது. அந்தப் பார்வையோட அவரும் சென்னை நூலகச் சங்கமும் விடாம பாடுபட்டதாலதான் 1948ல மெட்ராஸ்ல பொது நூலகச் சட்டம் வந்துச்சு. நீங்களும் சின்னதா எழுதுங்க, "உலகத்தரம்"னு வந்தா அடிச்சிடுங்க ப்ளீஸ்.

அப்புறம் ஒவ்வொரு வரியையும் டெஸ்ட் பண்ணணும், இதுதான் ரொம்ப முக்கியம். வாசகர் நேரம்னு எழுதிட்டு, புதுசா வந்த புக் கட்டு பிரிக்காம மூலையில கெடக்கலாமா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பொண்ணு வேலை முடிஞ்சு ஆறரை மணிக்கு ஓடி வந்தா கதவு தொறந்திருக்குமா? எதுவும் மாறலைன்னா அந்த வரியைத் திருத்துங்க. வருசா வருசம் புதுசா சேர்ந்தவங்களையே இந்தக் கனவைப் படிக்கச் சொல்லுங்க, அவங்க கேக்குற கேள்வியையும் எழுதி வைங்க.