சேலத்து வெயில், ஏற்காட்டுப் பனி: ராஸ்பெர்ரி பைக்கு ஏற்ற கேஸைத் தேர்ந்தெடுத்தல்

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இருபுறமும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அந்த வீட்டின் மாடியறையில் ஒரே பலகையால் ஆன சிறு கணினியான ராஸ்பெர்ரி பை 4 ஒன்று இரவும் பகலும் இயங்குகிறது. ஏற்காட்டில் சித்தப்பாவின் மிளகுத் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் மழையையும் குளிரையும் பதிவு செய்வதற்காக ஒரு ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கடையில் ஒரே வகையான விசிறி வைத்த பிளாஸ்டிக் கேஸை வாங்கினேன். மாடியில் அதன் விசிறி பஞ்சுத் தூசால் அடைபட்டு நின்றது, மலையில் அதன் துளைகள் வழியே பனி உள்ளே போனது. கேஸை அதன் அழகைப் பார்த்து வாங்கக்கூடாது, அது இருக்கப்போகும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அதன் பிறகே தெரிந்துகொண்டேன். இயங்குதளத்தை மெமரி கார்டில் ஏற்றி, பலகையை ஒருமுறையாவது இயக்கிப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பலகையின் மாடலை உறுதி செய்துகொள்ளுங்கள். அது பலகையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3, 4, 5 ஆகிய மூன்றும் 85-க்கு 56 மில்லிமீட்டர் அளவுதான், திருகுத் துளைகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்பதால் ஒன்றின் கேஸ் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் 2019-இல் வந்த பை 4-இல் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் இடம் மாறிவிட்டன, பெரிய எச்டிஎம்ஐக்குப் பதிலாக இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ வந்தன, மின்சாரம் டைப்-சி வழியே ஏறுகிறது. 2023-இல் வந்த பை 5-இல் ஈதர்நெட் பழைய பக்கத்துக்கே திரும்பியது. ஹெட்போன் துளை நீக்கப்பட்டது. ஆகவே கடையில் ‘பை கேஸ்’ என்று மட்டும் கேட்காமல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, கேஸ் இருக்கப்போகும் அறையின் வெப்பத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். விசிறியில்லாத கேஸுக்குள் சிப்பின் வெப்பம் எப்போதும் அறை வெப்பத்துக்கு மேல் இவ்வளவு டிகிரி என்ற கணக்கில்தான் ஏறும். 25 டிகிரி அறையில் சோதித்த ஒருவர் 65 டிகிரி என்று எழுதியிருந்தால், சித்திரை மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் எங்கள் மாடியறையில் அதே கேஸ் ஏறத்தாழ 80 டிகிரியைக் காட்டும். பை 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும் எல்லையும் அந்த 80 டிகிரிதான். குளிர்நாட்டிலிருந்து வரும் மதிப்புரைகளைப் படிக்கும்போது இந்தப் பதினைந்து டிகிரியை மனத்துக்குள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி, எந்தப் பொருளால் ஆன கேஸ் என்ற கேள்வி. அடுக்கடுக்கான அக்ரிலிக் தகடுகளால் ஆன கேஸ் எனக்குப் பிடிப்பதில்லை. திருகைச் சற்றுக் கூடுதலாக முடுக்கினாலே விரிசல் விடுகிறது. (அதை வாங்கியவர்கள், பழுப்பு நிறமாகத் தெரிவது மேலே ஒட்டிய காகிதம் என்பதையும், அதை இருபுறமும் உரித்தெடுக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும்.) தூசு இல்லாத அறையில் விசிறி வைத்த பிளாஸ்டிக் கேஸ் போதும்; விசிறியின் சிவப்புக் கம்பியைப் பலகையின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் ஜிபிஐஓ ஊசிகளில் 4-ஆம் ஊசியிலும் கறுப்புக் கம்பியை 6-ஆம் ஊசியிலும் செருகினால் அது முழு வேகத்தில் சுழலும். தறி ஓடும் தெருவில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, விசிறியே இல்லாமல் முழு உடலாலும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியக் கேஸ்தான்.

அதைப் பொருத்தும்போது நான் இரண்டு வாரம் இடறிய இடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பலகையை உள்ளே வைப்பதற்கு முன்பே மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்டு கேஸின் விளிம்பில் மாட்டி இரண்டாக உடையும். பிறகு, சிப்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேட் என்ற மென்மையான சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கத்திலும் மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்துத் தாள் நீல நிறமாகக் கண்ணுக்குத் தெரிந்ததால் அதை உரித்தேன்; மறுபக்கத்துத் தாள் கண்ணாடி போல இருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. டாஸ்க்பாரில் சேர்த்திருந்த வெப்பநிலை காட்டி பழைய பிளாஸ்டிக் கேஸில் காட்டிய அதே எண்ணைக் காட்டியது. சேலத்து வெயிலைத் திட்டினேன், பிறகு கேஸை விற்றவரைத் திட்டினேன். ஒருநாள் தற்செயலாகக் கேஸைத் தொட்டுப் பார்த்தபோது அது குளிர்ந்திருந்தது. உள்ளே சிப் கொதிக்கும்போது வெளியே அலுமினியம் குளிர்ந்திருந்தால், இடையில் ஏதோ ஒன்று வெப்பத்தைத் தடுக்கிறது என்றுதானே பொருள்? திறந்து, நகத்தால் கீறியபோது அந்தத் தாள் உரிந்து வந்தது. சரியாகப் பொருத்திய அலுமினியக் கேஸ், பலகைக்கு வேலை கொடுத்த கால் மணி நேரத்தில் கை சுடும் அளவுக்குச் சூடாக வேண்டும். சுடவில்லை என்றால் திறந்து பாருங்கள்.

ஏற்காட்டின் சிக்கல் வேறு. 1500 மீட்டர் உயரத்தில் வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே ஈரத்தைத்தான் தடுக்க வேண்டும். இடைவிடாமல் இயங்கும் பலகை சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் நீர் படிவது அரிது. மின்சாரம் போய் நெடுநேரம் குளிர்ந்து கிடக்கும் இரவுகளில்தான் ஆபத்து. எலக்ட்ரிகல் கடையில் தூசும் பீய்ச்சும் நீரும் புகாத ஐபி65 தரமுள்ள பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றையும், கேபிள் நுழைவதற்கான கிளாண்டையும் வாங்கி, எம்2.5 அளவு ஸ்டாண்ட்-ஆஃப் என்ற குட்டைத் தூண்களில் பலகையைத் திருகி உள்ளே பொருத்தினேன். கிளாண்டை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கத்தில் வையுங்கள். கேபிளையும் ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். யுஎஸ்பி முனை சிறிய கிளாண்டுக்குள் நுழையாது என்பதால் முனையில்லாத கேபிளை நுழைத்த பிறகு உள்ளே இணைக்க வேண்டியிருக்கும். வெப்பநிலை அளக்கும் சென்சாரைப் பெட்டிக்குள் வைத்தால் அது மலைக் காற்றை அளக்காது, பலகையின் சூட்டையே அளக்கும். அதை வெளியே விடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு அலுமினியக் கேஸ் வாங்கிய இருவர், வைஃபை இணைப்பு விட்டுவிட்டு வருவதாக எழுதியிருந்தார்கள். நான் மாடியில் ஈதர்நெட் கேபிளைப் பயன்படுத்துவதால் இது எனக்குத் தோன்றவேயில்லை. பையின் ஆன்டெனா பலகையிலேயே, ஜிபிஐஓ ஊசிகளின் முதல் முனைக்கும் டிஸ்ப்ளே கேபிள் செருகும் இடத்துக்கும் அருகே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை நாற்புறமும் உலோகம் மூடினால் அலை சரியாக வெளியே வராது. வைஃபையை நம்பியிருப்பவர்கள் உடல் அலுமினியமாகவும் மேல்மூடி பிளாஸ்டிக்காகவும் உள்ள கேஸை வாங்குங்கள். ஏற்கெனவே முழு உலோகக் கேஸை வாங்கிவிட்டவர்கள் யுஎஸ்பி துளையில் தனி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.