வினிகரைக் கீழே வையுங்கள்: கடற்கரைக் கல்லில் ஃபாசில் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

கடற்கரையில் கல் பொறுக்க ஆரம்பித்தவர்கள் என்னிடம் காட்டும் கற்களில் பெரும்பாலானவை ஃபாசில் (பழங்கால உயிர் கல்லில் விட்டுப்போன புதைபடிவம்) இல்லை. அது ஒரு குறையே அல்ல. கண் பழகினால் சரியாகிவிடும். சில தவறுகள்தான் நல்ல கல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடுகின்றன. அவற்றை ஆளுக்கு ஆள் மறுபடி செய்வதைப் பார்த்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செடி மாதிரி இருக்கிறது, அதனால் செடி

கல்லின் பிளவில் கறுப்பாக, பெரணி இலை விரித்தது போலப் படர்ந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது விரிசலில் ஊறிய நீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடு. டெண்ட்ரைட் என்பார்கள். நிஜ இலையில் நரம்புகள் ஓர் ஒழுங்கில் பிரியும். கறைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. விரிசல் விளிம்பிலிருந்து கிளம்பி இஷ்டத்துக்குக் கிளைக்கும்.

வெறும் உருவத்தை நம்பினால் நிபுணர்களும் சறுக்குவார்கள். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைப் பாறையில் டிக்கின்சோனியா என்ற, சுமார் 55 கோடி ஆண்டுப் பழமையான உயிரின் பதிவு இருப்பதாக 2021-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகு வேறொரு குழு போய்ப் பார்த்தபோது அது பாறையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பழைய தேன்கூடு என்று 2023-ல் எழுதினார்கள்.

உருண்டைக் கல்

முட்டை இல்லை.

வினிகர் சோதனை

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான். "வினிகர் விட்டேன், நுரைத்தது, அப்போ ஃபாசில்தானே?" நுரைப்பது கால்சியம் கார்பனேட். வெறும் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், அதற்குள் ஓடும் வெள்ளைக் கால்சைட் கோடும் (அதே கால்சியம் கார்பனேட்தான்) நுரைக்கும். ஆனால் ஓடு போய், உள்ளே நிரம்பி இறுகிய சிக்கிமுக்கிக்கல் மட்டும் மிஞ்சிய கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளுள்ள உருண்டைக் கடல் உயிர், sea urchin) ஒரு குமிழிகூட விடாது. பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறிய அம்மோனைட்டும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்) அப்படித்தான். அசல் ஃபாசிலை 'நுரைக்கவில்லை' என்று கடலில் வீசிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

போகட்டும் என்று விடலாம், கல்லை வினிகர் தின்னாமல் இருந்தால். ஒருவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுவந்தார். கரையில் எடுத்த உடனே பிடித்த படத்தில் கடல் முள்ளெலியின் ஓடு அத்தனை தெளிவு: உச்சியிலிருந்து ஐந்து கதிர்களாக இறங்கும் நுண்துளை வரிசைகள், நடுவில் முட்கள் பொருந்தியிருந்த சின்னச் சின்னக் குமிழ்கள். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டிருக்கிறார். என் கைக்கு வந்தது சொரசொரப்பான வெள்ளைக் கட்டி. துளைகளும் இல்லை, குமிழ்களும் இல்லை. அடையாளத்தைக் கரைத்துவிட்டு "இது என்னங்க?" என்றால் என்ன சொல்வது?

ஆய்வகத்தில் அமிலம் பயன்படுத்துகிறார்களே என்பார்கள். பயன்படுத்துகிறார்கள்தான். சுண்ணாம்புக்கல்லுக்குள் பாஸ்பேட்டாலோ சிலிக்காவாலோ ஆன ஃபாசில் இருந்தால், நீர்த்த அமிலத்தில் கல் கரையும், ஃபாசில் தப்பும். ஓடும் கல்லும் ஒரே பொருள் என்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

உங்களுக்கு வேண்டியது தண்ணீரும் பத்து மடங்கு லென்ஸும். கல்லை நனைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லத் திருப்புங்கள். பவளம் என்றால் ஒவ்வொரு குழியிலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தடுப்புகள் வரும். எலும்பு என்றால் உடைந்த முகத்தில் நுண்துளைகள் நெருக்கமாக இருக்கும், ஆனால் துளையுள்ள கல்லெல்லாம் எலும்பாகிவிடாது.

ஓட்டைகளும் குழாய்களும்

கல்லைத் துளைத்துக் குடியிருக்கும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் இன்றைக்கும் உண்டு. கரைக் கல்லில் காணும் வழவழப்பான குழிகள் பெரும்பாலும் அவற்றின் வேலை. மேலே ஒட்டிய வளைந்த வெள்ளைக் குழாய்கள் இப்போதைய கடல் புழு கட்டியவை. உடைந்த விளிம்பைப் பாருங்கள்: அந்த வடிவம் கல்லுக்குள்ளும் தொடர்கிறதா, மேற்பரப்போடு நின்றுவிடுகிறதா?

சுத்தியல்

வீட்டிலேயே இருக்கட்டும்.

படம்

யாரிடமாவது கேட்பதானால் ஈரமாக ஒன்று, காய்ந்தபின் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். விரல் வேண்டாம், உங்கள் விரல் எவ்வளவு தடிமன் என்று எனக்கு எப்படித் தெரியும்?