வால் நறுக்காத நாயை ஷோ ரிங்கில் நிறுத்தும் முறை

இங்கிலாந்தில் வேலை நாய்கள் சிலவற்றுக்கு விலக்களித்து, வால் நறுக்குவது 2007 ஏப்ரல் 6 முதல் தடை செய்யப்பட்டது. அதனால், முன்பு பெரும்பாலும் குட்டை வாலோடு நாய்க் கண்காட்சி ரிங்கில் காணப்பட்ட ராட்வைலர், பாக்ஸர், காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்கள் இன்று முழு வாலுடன் நடுவர் முன் நிற்கின்றன. குட்டை வாலை விரலால் நிமிர்த்திப் பிடித்துப் பழகிய கை, முழு வாலையும் அப்படியே செங்குத்தாகத் தூக்கிவிடுகிறது; இதுதான் நான் அதிகம் காணும் தவறு. அப்படித் தூக்கினால் வால் முளைக்கும் இடத்தில் முதுகுக்கோடு முறிந்ததுபோலத் தோன்றி, நல்ல அமைப்புள்ள நாயும் குறையுள்ளதாகத் தெரியும்.

ராட்வைலரின் வால் முதுகுக்கோட்டின் நீட்சியாக இருக்க வேண்டும் என்றும், ஓய்வாக நிற்கும்போது தொங்கலாம் என்றும் எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய்க் கழகங்களின் கூட்டமைப்பு) வகுத்த இனத் தர விதி கூறுவதால், அதைத் தொடாமலே விட்டுவிடுவது நல்லது. காக்கரின் வாலை, நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு விரல்களை அடியில் கொடுத்து, முதுகின் மட்டத்துக்கு மேல் போகாதபடி ஏந்தினால் போதும். இறுக்கிப் பிடித்தால் நாய் பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலின் அடிப்புற நீள்முடியைச் சீவி, ஒரே பக்கமாகத் தொங்கவிடுங்கள்.

பயத்தில் கால்களுக்கிடையே வாலைச் செருகும் நாயிடம் ஒருபோதும் கையால் வாலை வெளியே இழுக்காதீர்கள். வீட்டிலேயே வாலடியை மெல்லச் சொறிந்து, வால் தானாக எழும் கணத்தில் தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். ஓடவிடும்போது வாலைத் தொடவே வேண்டாம்.