'இந்த' மாவட்டம் எந்த மாவட்டம்? இணையச் செய்தித் தலைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது, எங்கள் இணையச் செய்தித் தளத்தின் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவர் தாம் எழுதிய தலைப்பைக் காட்டினார். "கனமழை எதிரொலி... இந்த மாவட்டங்களில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை!" மாவட்டங்களின் பெயர்கள் செய்தியின் நான்காவது பத்தியில் ஒழுங்காக இருந்தன. தலைப்பில் ஏன் இல்லை என்று கேட்டேன். "பெயரைப் போட்டுவிட்டால் யாரும் உள்ளே வரமாட்டார்களே சார்" என்றார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நைட் ஷிப்டில் இதே கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. வார்த்தைகூட மாறவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே குழியில் விழுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒற்றுப்பிழை, ஊர்ப் பெயரில் பிழை, பச்சைப் பொய் ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல் செய்கிறவைதான் இங்கே.

முக்கியமான சொல்லை ஒளித்துவைப்பது

இது பலிக்கும் என்பதுதான் சிக்கல். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பதாக மனம் உணர்ந்தால், அதை நிரப்பும்வரை அரிப்பு தீராது என்று ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் 1994-இலேயே விளக்கிவிட்டார். 2012-இல் தொடங்கிய அப்வொர்த்தி என்ற அமெரிக்க இணையதளம் அந்த அரிப்பையே தொழிலாக்கியது. அங்கே ஒரே செய்திக்கு 25 தலைப்புகள் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆகவே, ஒளித்துவைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வருவார்கள்.

பெட்டிக்கடை வாசலில் கம்பிச் சட்டத்தில் மாலைப் பத்திரிகைகளின் வால்போஸ்டர் தொங்குமே, அதுவும் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்த எழுத்துதான். ஆனால் அது கடையைவிட்டு நகராது. காசு கொடுத்தால் முழுச் செய்தியும் கையில் இருக்கும். இணையத் தலைப்பு அப்படியில்லை. செய்தியை விட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் செய்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டாகப் போகிறது, பூட்டிய கைப்பேசித் திரையில் ஒரு வரியாக மின்னி மறைகிறது. திறந்து படிக்கிறவர்களைப் போலப் பல மடங்கு பேர் தலைப்பை மட்டுமே பார்க்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முழுச் செய்தி.

நான் செய்ததைச் சொல்கிறேன். அது ஒரு டிசம்பர். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் மழை விடுமுறையைப் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார். ஒரு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் இருக்கும், பக்கத்து மாவட்டத்தில் கல்லூரிகளுக்கும் சேர்த்து இருக்கும், அதற்கடுத்த மாவட்டத்தில் எதுவுமே இருக்காது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு மட்டும் விடுமுறை விட்ட நாட்கள் உண்டு. எனவே இந்தச் செய்தியில் இடத்தின் பெயர்தான் செய்தி. மற்றதெல்லாம் ஒட்டு. நான் அந்தப் பெயரைத்தான் எடுத்தேன். "கொட்டித் தீர்க்கும் மழை: இந்த 4 மாவட்டங்களில் நாளை பள்ளிகள் விடுமுறை" என்று எழுதினேன். அன்றிரவு எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட செய்தி அதுதான். காலையில் பாராட்டும் கிடைத்தது.

மறுநாள் மதியம் அலுவலக எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. இரவு பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தலைப்பைக் குழுவில் போட்டிருக்கிறார். இவர் இணைப்பை அழுத்திப் பார்த்திருக்கிறார். சிக்னல் சரியில்லாமல் பக்கம் பாதி திறந்து, விளம்பரம் மறைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டது. வெளியே மழை பேய்ந்துகொண்டிருந்தது. தங்கள் மாவட்டம் இல்லாமல் போகுமா என்று நினைத்து மகளை அனுப்பவில்லை. நாகப்பட்டினம் அந்த நான்கில் இல்லை. பள்ளி நடந்தது, கணக்குத் தேர்வும் நடந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "எந்த மாவட்டம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். குறைந்துபோயிருக்கக்கூடியது சில ஆயிரம் கிளிக்குகள். அதை அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மகளுக்குப் பள்ளியில் பிறகு தனியாகத் தேர்வு வைத்தார்களாம். அதனால் என் தவறு சிறியதாகிவிடாது. அவருடையது ஒரு வீடு. அழைக்காத வீடுகள் எத்தனை என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதோடும் முடியவில்லை. தலைப்பில் 'நாளை' என்று எழுதியிருந்தேன், தேதி போடவில்லை. மறுநாள் இரவு அதே ஸ்கிரீன்ஷாட் மறுபடி சுற்றியது. மழை விட்டுவிட்டது, என் தலைப்பு மட்டும் இன்னும் நாளைக்கு விடுமுறை விட்டுக்கொண்டிருந்தது. இணையத் தலைப்பில் 'இன்று', 'நாளை' இரண்டையும் தனியாக விடக் கூடாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நான் எழுதியிருக்க வேண்டிய தலைப்பு: "சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், கடலூர் பள்ளிகளுக்கு டிச. 9 விடுமுறை". நான்கு பெயரும் தேதியும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. பதினைந்து மாவட்டங்கள் என்றால் எண்ணிக்கையைத் தலைப்பில் போட்டு, முதல் பத்தியின் முதல் வரியிலேயே பட்டியலைக் கொடுங்கள். பருவமழை பற்றிய முன்கதைக்குக் கீழே இடம் இருக்கிறது.

இப்படி எழுதத் தொடங்கிய பிறகு விடுமுறைச் செய்திகளுக்குப் பார்வைகள் குறைந்தன. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மழை நாட்களில் விடிந்ததும் நேராக எங்கள் முகப்புக்கே வருகிறவர்கள் கூடினார்கள். ஒளித்து எழுதிய காலத்தில் அப்படி யாரும் வந்ததில்லை.

மரணச் செய்தியிலும் இதே தவறுதான். "பிரபல நடிகர் காலமானார்... சோகத்தில் திரையுலகம்" என்று பெயரில்லாமல் எழுதினால், முதிய கலைஞர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாம் தொலைபேசி அடிக்கும். இறந்தவருக்கு நாம் தரக்கூடிய குறைந்தபட்ச மரியாதை பெயரைச் சொல்வது.

மறுப்பைக் கடைசியில் வைப்பது

தமிழில் வினை கடைசியில் வரும், 'இல்லை'யும் கடைசியில்தான் வரும். கைப்பேசி அறிவிப்பில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். "நாளை முதல் அரசுப் பஸ்கள் ஓடாது என்று பரவும் தகவல் உண்மையில்லை" என்று எழுதினால், திரையில் தெரிவது "நாளை முதல் அரசுப் பஸ்கள் ஓடாது என்று பர..." வதந்தியை மறுக்கப் போய் நாமே பரப்பிவிடுகிறோம். பொய்யை முதலில் சொல்லிவிட்டு மறுக்காதீர்கள். உண்மையை முதலில் வையுங்கள்: "பஸ்கள் வழக்கம்போல் ஓடும்: போக்குவரத்துத் துறை". அனுப்புவதற்கு முன் தலைப்பின் முதல் ஐந்து சொற்களை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். அந்த ஐந்து சொற்கள் பொய் சொன்னால் தலைப்பை மாற்றுங்கள்.

கேள்விக்குறிக்குப் பின்னால் நிற்பது

கேள்வியாக முடியும் எந்தத் தலைப்புக்கும் "இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம் என்று 2009-இல் இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டன் பத்திரிகையாளர் எழுதினார். "அமைச்சர் ராஜினாமா?" என்று கேட்கிறவரிடம் ராஜினாமா பற்றித் தகவல் இல்லை. இருந்தால் கேட்டிருக்கமாட்டார். உறுதியாகாத செய்தி என்றால் காத்திருங்கள்.

வேறு மழையின் படம்

சென்னையில் தூறினாலே 2015 டிசம்பர் வெள்ளத்தின் படம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. விமான நிலையத்தில் தண்ணீருக்கு நடுவே விமானங்கள் நிற்கும் காட்சி. ஓரத்தில் 'கோப்புப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இணைப்போடு தெரியும் சின்னப் படமான தம்ப்நெயிலில் அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை. அன்று விமானத்துக்குக் கிளம்ப வேண்டியவர் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார். வீடியோவில் இல்லாததைத் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் காட்டுகிறவற்றின் மீது இந்தியாவில் நடவடிக்கை எடுக்கப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது. அவர்கள் நீக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நோய்க்கு மருந்து விற்கும் தலைப்பு

"சர்க்கரை நோயை விரட்டும் ஒரே இலை" என்பதை எழுதும்போது அது செய்தியா விளம்பரமா என்று முதலில் முடிவுசெய்யுங்கள். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம். பணம் வாங்கிப் போடும் கட்டுரைக்குச் செய்தி போலத் தலைப்பு வைத்துத் தருமாறு விளம்பரப் பிரிவிலிருந்து கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அந்தத் தலைப்பை நம்பி இன்சுலினை நிறுத்துகிறவர் நம் வாசகர்.

"இன்னும் 10 நிமிடம்தான் இந்தச் சலுகை" வகைக்கும் இதுவே. இல்லாத அவசரத்தைக் காட்டுவதை மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டன.

தற்கொலைச் செய்தி

இறந்த முறையைத் தலைப்பில் எழுதாதீர்கள். உள்ளேயும் எழுதாதீர்கள். பிரஸ் கவுன்சில் 2019-இலேயே சொல்லிவிட்டது.

'அதிர்ச்சி', 'பரபரப்பு'

எடுத்துவிடுங்கள்.

ஆச்சரியக்குறி

ஒன்றுகூட வேண்டாம்.

திருத்தத்தை ஓசையில்லாமல் செய்வது

தவறான தலைப்பை நள்ளிரவில் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது என் பழைய பழக்கம். தளத்தில் மாறியது வாட்ஸ்அப்பில் மாறாது. தவறு எந்த வழியில் போனதோ அந்த வழியிலேயே திருத்தமும் போக வேண்டும். அறிவிப்பாகப் போயிருந்தால் இன்னோர் அறிவிப்பு, முகநூலில் போயிருந்தால் அங்கேயே இன்னொரு பதிவு.

முதலில் சொன்ன அந்தப் பெண் அன்று மாலை தலைப்பை மாற்றி எழுதினார். மூன்று மாவட்டங்களின் பெயர்கள், தேதி, வேறொன்றுமில்லை. இரவு பத்தரை மணிக்கு நான்காவது மாவட்டத்தின் ஆட்சியரும் விடுமுறை அறிவித்தார். அந்தப் பெண்ணின் ஷிப்ட் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. பையைத் தோளில் மாட்டியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். புதிய மாவட்டத்தின் பெயரை முதல் சொல்லாக வைத்து இரண்டாவது அறிவிப்பை அனுப்பினார். தன் கைப்பேசியில் அது முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினார்.