நீல ஸ்புரூஸின் நீலம் போகாமல் இருக்க

'குளோபோசா' என்ற குட்டை நீல ஸ்புரூஸை (உருண்டையாக வளரும் ஊசியிலைச் செடி) வாங்குகிறவர்கள் மயங்குவது அதன் நிறத்தில்தான். அந்த நீலம் ஊசியிலைகளின் மேல் படிந்த மெல்லிய மெழுகு. விரலால் தேய்த்தால் அடியில் பச்சை தெரியும். ஆகவே பூச்சிக்கென்று எண்ணெய் மருந்து தெளித்துவிடாதீர்கள். மெழுகு போனால் நீலமும் போகும். வசந்தத்தில் புதுத் துளிர் வரும்வரை பச்சைச் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிலந்திப்பேன் தொல்லைக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும்.

இந்தக் குட்டை வகையின் தாய்மரம் அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. குளிரைத் தாங்கும், வேரில் நீர் தேங்கினால் தாங்காது. நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் வேண்டும்.

'குட்டை' என்ற பெயரை நம்பி நடைபாதை ஓரமாக நட்டுவிடாதீர்கள். மெதுவாகத்தான் என்றாலும் 5 அடி அகலத்துக்கு விரியும். பிறகு வெட்டிச் சுருக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். இலையற்ற பழைய கிளையில் துளிர் வராது.

நடுவிலிருந்து ஒரு கிளை மட்டும் செங்குத்தாகத் திமிறி எழுந்தால், பாவம் பார்க்காமல் அடியோடு நறுக்குங்கள். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் உருண்டைச் செடி கூம்பு மரமாகிவிடும்.