காலை நாலரை மணியை விடுங்கள், இரவு ஒன்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

நிம்மதியாக இருக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதிகாலையில் எழுந்திரு என்பதுதான். நானும் எழுந்து பார்த்தேன். நாலரைக்கு அலாரம், வெந்நீர், மொட்டை மாடியில் மூச்சுப் பயிற்சி என்று ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மதியம், கடையில் சிட்டையில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தவன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். முதலாளி திட்டவில்லை, பையனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ வாங்கித் தரச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

காரணம் ரொம்பச் சாதாரணம். நாலரைக்கு எழுந்தவன் படுத்தது பன்னிரண்டரைக்கு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், நான் நாலு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஞானியாகப் பார்த்தேன். ஊரும் அப்படிப்பட்ட ஊர். மதுரையைத் தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாக் கல்லில் சத்தம் கேட்கும், நாமும் போய் நிற்போம்.

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. எவ்வளவு நேரமானாலும் கல்லாவில் இருக்கிற ரொக்கமும் சிட்டையில் இருக்கிற இருப்பும் ஒத்துப்போன பிறகுதான் ஷட்டரை இறக்குவோம். ஒத்துப்போகாததை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளைய கணக்கும் சேர்ந்து கெடும். பதினாறு வருடமாகக் கடைக்கு இதை ஒழுங்காகச் செய்தவனுக்கு, சொந்த நாளை மட்டும் முடிக்காமலே அடுத்த நாளுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பது நாற்பத்து மூன்று வயதில்தான் உறைத்தது. அதனால் கீழே இருப்பதெல்லாம் இரவிலிருந்து தொடங்குகிறது. காலைப் பழக்கங்கள் பாதி தானாகவே வந்துவிடும்.

முதலில் போனுக்கு ஓர் இடம்

போனைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பதால் ஒன்றும் நடக்காது. முடிவெல்லாம் பகலில் எடுப்பது, போனைத் தடவுவது களைத்துப்போன இரவில். செய்ய வேண்டியது சார்ஜரை இடம் மாற்றுவதுதான். எங்கள் வீட்டில் ஹாலில், டிவிக்குப் பக்கத்து பிளக்கில் மூன்று சார்ஜர் வரிசையாகத் தொங்குகின்றன. இரவு பத்து மணிக்கு எல்லாருடைய போனும் அங்கே போய்விடும். படுக்கையறையில் இருந்த சார்ஜரைக் கழற்றி என் மகளின் அத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டேன், திரும்ப மாட்ட மனசு வரக் கூடாது என்று.

உடனே இரண்டு ஆட்சேபம் வரும், எனக்கும் வந்தது. அலாரம்? நூறு இருநூறு ரூபாய்க்கு மேசைக் கடிகாரம் கிடைக்கிறது, பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடும். அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால்? ரிங்டோனைச் சத்தமாக வைத்து, வாட்ஸ்அப் சத்தங்களை மட்டும் அணைத்துவிடுங்கள். நடுராத்திரியில் உண்மையிலேயே அவசரமானவர்கள் மெசேஜ் அனுப்ப மாட்டார்கள், கூப்பிடுவார்கள்.

முதல் நாலு நாள் கை தலையணைக்கு அடியில் தானாகப் போய்த் தேடும். அந்த நேரத்தை வேறு எதையாவது வைத்து நிரப்பாவிட்டால் ஐந்தாம் நாள் போன் திரும்பி வந்துவிடும், இதை அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு ஒரு தடவை வந்தது. நான் கண்டுபிடித்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுவது: சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும், பாப்பாவுக்கு வரைபடத் தாள், காரைக்குடி பார்ட்டிக்கு நினைவுபடுத்த வேண்டும், இப்படி. நாட்குறிப்பு இல்லை, உணர்ச்சிகளும் இல்லை, வெறும் வேலைப் பட்டியல். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். மறுநாள் வேலைகளை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஒன்பது நிமிடம் போல முன்னதாகத் தூங்கினார்கள், 2018-ல் வெளியான ஆய்வு அது. ஒன்பது நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

சாப்பாடும் அதற்குப் பின் கால் மணி நேரமும்

போன வருடம் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 112 வந்தது. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது. நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசற்படி என்றார் டாக்டர். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், பத்து, பத்தரை என்றேன், அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

கடை மூட எட்டரை ஆகிற ஆளுக்கு ஏழு மணிக்கே சாப்பிடு என்று சொல்வது வெட்டி அறிவுரை. நான் மாற்றியது சாயங்காலத்தை. ஐந்தரைக்குக் கடை வாசலில் வருகிற தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் சுண்டல், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கொண்டுபோன வேர்க்கடலை. அவ்வளவுதான். அந்த நேரத்தில் வயிற்றுக்கு ஏதோ கொஞ்சம் போய்விட்டால், ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது கொலைப்பசி இருக்காது, மூன்று இட்லியோடு எழுந்துவிட முடிகிறது. பசியை வளர்த்துக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து அளவாகச் சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் நடக்காத கதை. பரோட்டாவை நான் விடவில்லை, சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடை. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை அவ்வளவு உயரத்துக்குப் போகாது. (ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.) இதற்கு ஷூ வேண்டாம், டிராக் பேன்ட் வேண்டாம். லுங்கியோடு தெருமுனை வரை நாலு தடவை போய்வந்தால் போதும். தெரு நாய்தான் பிரச்சினை என்றால் மொட்டை மாடி இருக்கிறது.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று ஒரு கணக்கு எல்லார் வாயிலும் இருக்கிறதே, அது மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1965-ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயர் அது, அந்தப் பெயருக்கு அர்த்தமே பத்தாயிரம் அடி மீட்டர். 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் வேகமான நடை. தினமும் இரவில் கால் மணி நேரம் என்றாலே 105 வந்துவிடுகிறது. மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வண்டியூர் தெப்பக்குளம் போய்விடுவோம். இரண்டு சுற்று நடந்தபின் சுவரில் உட்கார்ந்தால் காற்று வரும், மாங்காய்க்காரரும் வருவார்.

காபி

நிறுத்தச் சொல்லவில்லை, கடைசிக் காபியை மூன்று மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த காபியில் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும், நீங்கள் படுத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று கவலைப்படுவீர்கள். டீக்கும் இதே கதைதான், அளவு கொஞ்சம் குறைவு. இன்னொன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டலில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்கிறார்கள், அதிலிருக்கும் டானின் உணவின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கிற ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எங்கள் வீட்டில் மனைவிக்கு ரத்தசோகை என்பதால் அவள் மட்டும் கடைப்பிடிக்கிறாள், நான் இன்னும் இல்லை.

காலைக்கு வருவோம்

மேலே சொன்னதில் பாதி நடந்தாலே ஆறு மணிக்கு விழிப்பு வரும். ஒரே ஒரு விதி: எழுகிற நேரம் ஞாயிற்றுக்கிழமையும் அதேதான், அரை மணி முன்னே பின்னே இருக்கலாம். எழுந்ததும் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். காலை வெயில் கண்ணில் படுவதை வைத்துத்தான் மூளை அன்றைய கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது, இரவில் எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், வாசல் தெளியுங்கள், துணி காயப்போடுங்கள், என்ன சாக்கு வேண்டுமானாலும் சரி. போன் ஹாலில்தான் இருக்கிறது, காபி முடியும் வரை அங்கேயே இருக்கட்டும்.

மனிதர்கள்

உடம்பை ஒழுங்காக வைத்துக்கொண்டு மனசில் புழுக்கத்தோடு இருக்கிறவர்கள் நிறையப் பேர், அதில் நானும் ஒருவன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் ஆரம்பித்த ஓர் ஆய்வு இன்றுவரை நடக்கிறது, சில நூறு ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்து, பிறகு அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். காசைவிட, பேரைவிட, நெருக்கமான உறவுகள் இருந்தவர்கள்தான் முதுமையில் நலமாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள் என்பது அதில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. எங்கள் பாட்டியே சொல்லியிருப்பாள் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் பாட்டிக்குத் திண்ணை இருந்தது. நமக்கு அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

நான் செய்வது இது. கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவரைக் கூப்பிடுவேன், நாளுக்கு ஒருவர்தான். திங்கள் அண்ணன், செவ்வாய் கல்லூரித் தோழன், இப்படி ஒரு சுற்று. காரியம் எதுவும் கிடையாது. முதல் வாரம் எல்லாரும் பதறினார்கள், என்னப்பா, எதுவும் பிரச்சினையா, பணம் கிணம் வேணுமா என்று. இப்போது ஒரு நாள் விட்டால் அவர்கள் கூப்பிடுகிறார்கள். வாழ்த்து ஸ்டிக்கர் அனுப்புவது இதற்கு ஈடாகாது, குரல் வேண்டும்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். நான் முன்பெல்லாம் அம்மா பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டே ம், ம் என்பேன். ஒருநாள் "அந்தப் போனை உள்ள வச்சிட்டு வாய்யா, நான் ஒண்ணும் பெருசா கேக்கப் போறதில்ல" என்றாள். அதிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் கிடையாது. அவள் கேட்டது என்னவோ எதிர் வீட்டில் எத்தனை நாளாகப் பால் பாக்கெட் எடுக்காமல் கிடக்கிறது என்பதைத்தான்.

நிலைக்க வைக்க

இத்தனையையும் திங்கட்கிழமை காலை ஒரேயடியாக ஆரம்பிக்காதீர்கள், வியாழக்கிழமை எல்லாமே போய்விடும். ஒன்றை எடுங்கள், அதை ஏற்கனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். கை கழுவினால் செருப்பு, கதவைத் தாழ்போட்டால் போன் சார்ஜருக்கு, பாயை விரித்தால் நோட்டு. நேரத்தைச் சொல்லி வைத்தால் மறக்கும், காரியத்தோடு கட்டினால் மறக்காது.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க நடுத்தரமாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. அதே ஆய்வில் இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை. விசேஷ வீடு, காய்ச்சல், ஆடிட்டர் வருகிற மாதக் கடைசி, எல்லாம் வரத்தான் செய்யும். மறுநாள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது நடையும் நோட்டும் சரிசெய்கிற விஷயம் இல்லை. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி இலவசமாக, இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஞாயிறு மதியத் தூக்கம். கறிக் குழம்புக்குப் பிறகு அரை மணி நேரம் என்று படுத்தால் எழும்போது நாலரை ஆகிவிடுகிறது, அன்று இரவு தூக்கம் போச்சு. போன வாரம் அந்த மேசைக் கடிகாரத்தில் அலாரம் வைத்து, எழுந்து நடந்து போய்த்தான் அணைக்க வேண்டும் என்று ஹாலில் வைத்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த மகள் முதல் மணியிலேயே எட்டி அணைத்துவிட்டாள், "நல்லா தூங்குனீங்கப்பா, அதான்" என்றாள்.